நட்பு விடுதியில் நான்கு காரணங்கள்

நண்பர்கள் சேர்ந்து ஊர் சுற்றப் போவதென்றால் எங்கள் நாட்டில் முதலில் ஒருத்தியைப் பலி கொடுத்தாக வேண்டும். அவளுக்கு கான்ஜி என்று பெயர். பயணப் பொறுப்பாளர் என்று மரியாதையாகவும் சொல்லிக்கொள்ளலாம். தேதி குறிப்பது, ரயில் பார்ப்பது, தங்க இடம் பிடிப்பது, மழை பெய்தால் மன்னிப்புக் கேட்பது எல்லாம் அவள் தலையில்தான். தனக்கு என்ன வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவளுக்குச் சிரமம் கொடுத்ததாக ஆகிவிடுமாம். அவளாகவே கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகக் கண்டுபிடித்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகள் மறக்காமல் மட்டும் இருப்பார்கள்.

இந்தப் பிப்ரவரியில் பலி நான்.

நாங்கள் நால்வரும் செண்டாய் நகரில் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. இப்போது அறுபத்திரண்டு வயது. ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது வெந்நீரூற்று ஊரில் ஒரு ராத்திரி தங்கி, குளித்து, பழைய வாத்தியார்களைத் திட்டிவிட்டு வருவோம். "எங்கே தங்கலாம்?" என்று செல்போன் குழுவில் கேட்டேன். ஒரு நிமிடத்துக்குள் மூன்று பேரும் ஒரே பதிலைப் போட்டார்கள். "எங்கேன்னாலும் எனக்குச் சரி."

இந்தப் பதிலுக்கு உரை எழுதத் தெரிந்தவள்தான் நல்ல கான்ஜி. சிகுசாவின் 'எங்கேன்னாலும்' என்றால் அறைக்குள்ளேயே கழிப்பறை வேண்டும். சதாயேவின் 'எங்கேன்னாலும்' என்றால் ராத்திரிச் சாப்பாட்டில் நண்டு வேண்டும். மினேகோவின் 'எங்கேன்னாலும்' மட்டும் வெகுகாலம் எனக்குப் பிடிபடவில்லை.

மினேகோவின் கணவர் தையல் எந்திரக் கடை வைத்திருந்தார். முதலில் கடை போயிற்று, பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். வீட்டை விற்றுவிட்டு அவள் வேறு எங்கோ குடிபோனாள். புது முகவரியை எங்களுக்கு அனுப்பினாள், வாங்கடி என்று மட்டும் சொல்லவில்லை. போன ஆண்டு சதாயே ஆற்றங்கரையில் ஒரு பெரிய விடுதியைப் பிடித்தாள். மறுநாளே மினேகோவிடமிருந்து செய்தி வந்தது: முழங்கால் வலி, வர முடியாது. நாங்கள் மூவராகப் போய் வந்தோம்.

கோடையில் ஒருநாள் சாயங்காலம் அவளை சூப்பர்மார்க்கெட்டில் பார்த்தேன். பாதி விலைச் சீட்டு ஒட்ட வரும் ஊழியருக்காகச் சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு எதிரே காத்துக்கொண்டிருந்தாள். அவர் சீட்டு ஒட்டியதும் முழங்காலை நன்றாக மடக்கிக் குனிந்து, அடித்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கூடையில் போட்டாள். நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்த முழங்காலில் ஒரு கோளாறும் இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆகவே இந்த முறை எனக்கு ஒரே கவலைதான். இடம் மலிவாக இருக்க வேண்டும், அது அவளுக்காக என்று அவளுக்குத் தெரியக் கூடாது. இந்த ஆண்டும் அவள் வராமல் போனால் மூன்று பேர் போவதே வழக்கமாகிவிடும். வழக்கம் என்று ஒன்று ஆகிவிட்டால் எங்கள் ஊரில் அதை எமன் வந்தாலும் மாற்ற முடியாது.

தேடித் தேடி மலையடிவாரத்தில் ஒரு நகராட்சி விடுதியைக் கண்டுபிடித்தேன். நட்பு விடுதி என்று பெயர். 'நண்பர் குழுக் கட்டணம்' என்று ஒன்று போட்டிருந்தார்கள். ஆற்றங்கரை விடுதியில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசில் இங்கே நால்வர் ஒரே அறையில் தங்கலாம். கீழே பொடி எழுத்தில் 'உறுதி செய்யப்பட்ட நண்பர்களுக்கு மட்டும்' என்று இருந்தது. நான் அதைப் படித்தேன். சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேருந்து எங்களை இறக்கிவிட்டபோது மணி ஒன்று நாற்பது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகக் கடைசிப் பேருந்து நாலு முப்பத்தைந்துக்கு. அந்த ஊரில் வேறு தங்குமிடம் என்றால் மேலே குன்றின் மீது ஒரு சொகுசு விடுதி, அவ்வளவுதான். நட்பு விடுதியின் கண்ணாடிக் கதவில் 'அனுமதி மூன்று மணிக்கு' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் அவரைப் பார்த்தபடி ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வாசல் கூரைக்கடியில் நடுங்கினோம். சரியாக மூன்று மணிக்கு அவர் எழுந்து வந்து கதவைத் திறந்து, இடுப்பு வரை வளைந்து வணங்கினார்.

"இந்தக் குளிர்ல ரொம்ப தூரம் வந்திருக்கீங்க. உங்களைக் காக்க வைக்காம வரவேற்கறதுதான் எங்க கொள்கை."

அவர் பெயர் தொகாஷி. ஐம்பது வயதிருக்கும். கையில் நீலப் பட்டை கட்டியிருந்தார், அதில் 'கவுண்டர் ஒன்று' என்று இருந்தது. காலணிகளைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு விடுதிச் செருப்பை மாட்டிக்கொண்டோம். எங்கள் வழக்கப்படி கழிப்பறை வாசலில் அதற்கென்றே தனிச் செருப்பு கிடக்கும், அதை அங்கேயே கழற்றிவிட்டு வர வேண்டும். கூடத்தில் மூன்று கவுண்டர்கள். அவற்றுக்கு மேலே பெரிய பலகை: 'அசம்பாவிதமின்றிக் கழிந்த நாட்கள்: 1,126'.

"ஏன் ஐயா, நண்பர்கள்தான்னு சொன்னா போதாதா?" என்று சிகுசா கேட்டாள்.

"போதும்னுதான் முன்னாடி இருந்துச்சு, விருந்தினர் அவர்களே" என்றவர் உடனே தலையைத் தாழ்த்தினார். "மன்னிக்கணும். நீங்க இன்னும் விருந்தினர் ஆகல. விண்ணப்பதாரர்களே. அந்தக் காலத்துல முன்னப்பின்ன தெரியாதவங்க நாலு பேர் செல்போன்ல பேசி வெச்சுக்கிட்டு, நண்பர்கள்னு சொல்லிச் சலுகை வாங்கிட்டாங்க. நகரமன்றத்துல பெரிய கேள்வியாப் போச்சு. அதுல ரெண்டு பேர் இங்கதான் பழகி அப்புறம் நிஜமாவே நண்பர்களாயிட்டாங்களாம். அது இன்னும் மோசம். நகராட்சிக் காசுல நட்பு உண்டாகியிருக்கு. பட்ஜெட்ல அப்படி ஒரு தலைப்பே கிடையாது."

முதல் கவுண்டரில் பெயர், பிறந்த தேதி, மற்ற மூவரின் ரத்த வகை, நட்பு தொடங்கிய நாள், அன்றைய வானிலை. எழுதி, கையெழுத்துக்குப் பதிலாக அவரவர் முத்திரையைக் குத்திக் கொடுத்தோம். தொகாஷி தாள்களை வாங்கிக்கொண்டு, "அடுத்து இரண்டாவது கவுண்டருக்குப் போங்க. அந்த அதிகாரி கொஞ்சம் கண்டிப்பானவர்" என்றார்.

இரண்டாவது கவுண்டருக்கு முன்னால் நின்றோம். தொகாஷி உள்ளே போனார். நீலப் பட்டையைக் கழற்றிப் பச்சைப் பட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டாவது கவுண்டரில் வந்து உட்கார்ந்தார். எங்களை முதல்முறை பார்ப்பதுபோல் வணங்கினார்.

"முதல் கவுண்டர்ல உங்களை மரியாதையா நடத்தினாங்களா?"

"நடத்தினாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

"சந்தோஷம். அவர் புதுசு. சில சமயம் அதிகமாப் பேசிடுவார்."

ஆட்குறைப்பில் பத்துப் பேர் போய் இவர் ஒருவர்தான் மிச்சமாம். ஆனால் மூன்று கவுண்டர் என்று விதியில் இருக்கிறது. விதியை ஆட்குறைப்புச் செய்ய யாருக்கும் அதிகாரம் இல்லை. எங்கள் அலுவலகங்களில் கீழ் அதிகாரி தன் முத்திரையை மேலதிகாரியின் முத்திரைப் பக்கமாகச் சற்றுச் சாய்த்துக் குத்துவார். முத்திரையும் வணக்கம் சொல்ல வேண்டும் அல்லவா. தொகாஷி முதல் முத்திரையை நன்றாகச் சாய்த்துக் குத்தினார். இரண்டாவதை அதைவிடக் குறைவாகச் சாய்த்தார். மூன்றாவதற்கான கட்டம் இன்னும் காலியாக இருந்தது. அவர் தனக்குத்தானே குனிவதை நாங்கள் நால்வரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். மணி மூன்று முப்பத்தெட்டு.

"கேள்வி பதினொண்ணு. நீங்க கடைசியா எப்ப சண்டை போட்டுக்கிட்டீங்க?"

"நாங்க சண்டையே போட்டதில்ல" என்றாள் சதாயே பெருமையாக.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப சிக்கல்தான். சண்டை போடாதவங்க அறிமுகமானவங்கன்னுதான் விதி சொல்லுது. அறிமுகக் கட்டணம் வேற. அது தனி ஆள் கட்டணத்தைவிட அதிகம், ஏன்னா ஒருத்தரை ஒருத்தர் தொந்தரவு பண்ணாம இருக்க நடுவுல தடுப்பு வைக்கணும்."

மினேகோவின் வலது கை மெல்ல அவள் முழங்காலுக்குப் போனது.

"சண்டைதானே? இருக்கு!" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். "ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி எண்பதுல, பள்ளிக்கூட விழாவுல, சிகுசா என் பாட்டைக் கெடுத்தா."

"நான் கெடுத்தேனா?" சிகுசா நிஜமாகவே திரும்பினாள். "நீ மூணாவது அடியில தப்பா ஆரம்பிச்சே. நான்தான் சமாளிச்சேன்."

"சமாளிச்சாளாம்! வாயை மூடிட்டு நின்னேடி நீ!"

"ஏய், இத்தனை வருஷமா இதை மனசுலயா வெச்சிருந்தே?"

தொகாஷி கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். "நாலு நிமிஷம். தரமான சண்டை. சமாதானம் எப்ப?"

"இன்னும் ஆகல" என்றாள் சிகுசா மூக்கு சிவக்க. அவள் நடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. சமாதானத்துக்கு ஒரு தனித் தாள் இருந்தது, அதிலும் முத்திரை குத்தினோம்.

பிறகு கவனிப்பு. எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, இயல்பாக இருக்கும்படி சொல்லி, தொகாஷி ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று எங்கள் சிரிப்புகளை எண்ணினார். பத்து நிமிடத்தில் ஆறு சிரிப்பு வேண்டுமாம். நாங்கள் சிரித்தோம். மாமியார் வீட்டுக் கல்யாணத்தில்கூட நான் அப்படிப் பல்லைக் காட்டியதில்லை. சிரித்துக்கொண்டே சதாயே, "மணி நாலு ஆகுதுடி" என்றாள்.

"மூணாவது கவுண்டர் ஒண்ணுதான் பாக்கி" என்றேன் சிரித்துக்கொண்டே.

"இல்லன்னா மேல இருக்கிற விடுதிக்குப் போயிடலாம்ல?" என்றாள் சிகுசா. சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மினேகோ மட்டும் சிரிப்பை நிறுத்தாமல் முழங்காலைத் தடவினாள். "காலையிலேர்ந்தே இது கொஞ்சம் பிடிச்சாப்ல இருக்கு. நான் வேணா நாலு முப்பத்தஞ்சு பஸ்ல போயிடறேன். நீங்க ஜாலியா இருங்க."

"ஏழு" என்றார் தூணுக்குப் பின்னாலிருந்து தொகாஷி. "ஒண்ணு அதிகமாவே சிரிச்சிட்டீங்க. மூணாவது கவுண்டருக்கு வாங்க."

மூன்றாவது கவுண்டரில் சிவப்புப் பட்டை. குரலும் கனமாகிவிட்டது. அவர் இப்போது மேலாளர்.

"கீழ இருக்கிறவங்க ரெண்டு பேரும் உங்களைப் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா நான் அதை நம்பறதில்ல. கடைசியா ஒரே ஒரு கேள்வி. இந்த விடுதியை ஏன் தேர்ந்தெடுத்தீங்க? நாலு பேரும் நாலு மூலையில உட்கார்ந்து தனித்தனியா எழுதணும். உண்மையான நண்பர்களுக்கு ஒரே காரணம்தான் இருக்கும். எழுதினதை உரக்கப் படிப்போம். ஒளிவுமறைவில்லாத நிர்வாகம் எங்க நிர்வாகம்."

நான் வடக்கு மூலையில் உட்கார்ந்தேன். உண்மையை எழுதினால் அது அவள் காதில் விழும். எழுதாவிட்டால் விடை ஒத்துப்போகாது. ஒரு கான்ஜியின் வாழ்க்கையில் இப்படி ஒரு தாள் வந்திருக்கக் கூடாது. என்னை நானே திட்டிக்கொண்டு எழுதினேன். எதிர்மூலையில் மினேகோ தாளைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுவதுபோல் நிறைய எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன இத்தனை எழுத இருக்கிறது என்று எனக்குப் பயமாக இருந்தது. சதாயே எழுதி முடித்துவிட்டுப் பதற்றத்தில் கழிப்பறைக்கு ஓடி, ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

மணி நாலு பதினெட்டு. தொகாஷி தொண்டையைச் செருமினார்.

"விண்ணப்பதாரர் ஹருயே. 'நான் சரியான கஞ்சம். மற்றவர்களைக் கேட்காமல் எனக்காக மலிவான இடத்தைப் பிடித்தேன்.'"

மற்ற மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"விண்ணப்பதாரர் சதாயே. 'என் கணவர் பங்குச் சந்தையில் பணத்தை விட்டுவிட்டார். இந்த ஆண்டு எங்கள் கை இறுக்கம்.'"

சதாயேவின் கணவர் தபால் நிலையத்தில் முப்பத்தெட்டு ஆண்டு வேலை பார்த்தவர். லாட்டரிச் சீட்டைத் தொட்டால்கூடக் கை கழுவுகிற மனிதர்.

"விண்ணப்பதாரர் சிகுசா. 'விலை அதிகமான விடுதிகளின் மெத்தை என் முதுகுக்கு ஆகாது. பொதுக் கழிப்பறையும் எனக்குப் பிடிக்கும்.'"

ஆக இவர்கள் இருவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஆறு மாதமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

"விண்ணப்பதாரர் மினேகோ." அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம் நீளம். 'என் கையில் பணம் இல்லை. இந்த மூவரும் எனக்காகத்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் இவ்வளவு சிரமப்படுவதைப் பார்க்க முடியவில்லை. அதனால் அடுத்த ஆண்டிலிருந்து வராமல் இருந்துவிடலாம் என்று இருக்கிறேன். தயவுசெய்து இதை மட்டும் அவர்கள் முன்னால் படிக்காதீர்கள்.'"

ஒரு சொல் விடாமல் படித்துவிட்டு அவர் தாளை அடுக்கினார். எனக்கு அழுகை முட்டியது. அந்த மனிதர் முகத்தில் தேநீரை ஊற்றவும் தோன்றியது.

"நாலு பேருக்கு நாலு காரணம். ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகல" என்றார் தொகாஷி. "அதனால நீங்க நண்பர்கள் இல்ல. ரொம்ப வருத்தமான விஷயம். அந்நியர்களா வேணா தங்கலாம், நாலு பேரும் நாலு மாடியில."

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று சிகுசா கத்தினாள். "இப்படிப் பண்ணினா யார் இங்க வந்து தங்குவாங்க?"

"அது எங்க துறை பார்க்கிற கணக்கு இல்லைங்க. நாங்க அசம்பாவிதக் கணக்குதான் பார்க்கறோம்." அவர் பெருமையோடு பலகையைக் காட்டினார். "முன்னாடியெல்லாம் கோப்பை உடையும், குளியல் தொட்டியில முடி கிடக்கும், ராத்திரி சிரிப்புச் சத்தம் வேற. நண்பர் விதி வந்த நாள்லேர்ந்து ஒரு கோப்பை உடையல. மூணு வருஷமும் மாவட்டத்துல எங்களுக்குத்தான் பரிசு."

"அந்த விதி வந்து எத்தனை நாள் ஆச்சு?" என்றேன்.

"ஆயிரத்தி நூத்தி இருபத்தாறு."

மினேகோவின் கை மீண்டும் முழங்காலை நோக்கிப் போனது. போகட்டும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்தக் கை பாதி வழியில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள்.

"ஹருயே, நீ கஞ்சமா? பள்ளிக்கூடத்துல உன் சாப்பாட்டு டப்பாவுல இருந்த முட்டையெல்லாம் யார் தின்னா?"

"நீதான்."

"சூப்பர்மார்க்கெட்டுல அரிசி மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சியே, உன் பச்சைத் தொப்பி மூட்டைக்கு மேல ஒரு சாண் தெரிஞ்சுது. நான் பார்க்காத மாதிரி இருக்கிறதுக்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்." அவள் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். "என் முழங்காலுக்கு ஒண்ணுமில்லடி. போன வருஷமும் ஒண்ணுமில்ல."

"தெரியும்" என்றோம் மூன்று பேரும்.

"எங்க தங்கணும்னு என்னை ஒழுங்கா யாராவது கேட்டீங்களா?"

"கேட்டேனே! எங்கேன்னாலும் சரின்னு சொன்னியே!"

"இப்பக் கேளு."

மணி நாலு இருபத்தெட்டு. "எங்க தங்கலாம், மினேகோ?"

"என் வீட்டுல" என்றாள். "ஒரே அறைதான். ஆறு பாய் விரிக்கிற இடம். மெத்தை ரெண்டுதான் இருக்கு. கணப்பு மேசைக்கடியில சூட்டுக்கு நம்ம எட்டுக் காலும் எப்படியாச்சும் நுழைஞ்சிடும். வெக்கமா இருந்துச்சு, அதான் இத்தனை நாளா கூப்பிடல. வரீங்களா?"

பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மினேகோதான் முன்னால் ஓடினாள். காலணியின் நாடாவைக் கட்ட நேரமில்லாமல் சதாயே காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே பனியில் இறங்கினாள். தொகாஷி கதவு வரை பின்னாலேயே வந்தார்.

"போறீங்களா? மேல்முறையீடு பண்ணலாமே! முதல் கவுண்டர்ல... நான் இருப்பேன்... நாளைக்கும் இருப்பேன்..."

அவர் குரலில் அப்போதுதான் ஒரு மனிதர் தெரிந்தார். பாவமாக இருந்தது. நிற்க நேரமில்லை.

பேருந்தில் மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் சிகுசா சதாயேவின் காலைப் பார்த்தாள். பொன்னிற எழுத்தில் 'நட்பு விடுதி – கழிப்பறை' என்று போட்ட பச்சைச் செருப்பு. பதற்றத்தில் கழிப்பறைச் செருப்போடு கூடத்தில் உட்கார்ந்து, அதோடேயே நண்பர் இல்லை என்ற தீர்ப்பையும் வாங்கி வந்திருக்கிறாள். பேருந்தில் நாங்கள் சிரித்த சிரிப்பை எண்ண அங்கே யாரும் இல்லை.

மூன்று வாரம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கழிப்பறைச் செருப்பு ஒரு ஜோடி வளாகத்தை விட்டு வெளியேறியது அசம்பாவிதமாகக் கருதப்பட்டு, பலகை பூஜ்யத்துக்குத் திருப்பப்பட்டதாம். மாவட்டப் பரிசு வேறு ஊருக்குப் போய்விட்டதாம். செருப்பு வெளியேறிய காரணத்தை நால்வரும் கலந்து பேசாமல் தனித்தனியே எழுதி அனுப்ப வேண்டுமாம். கீழே மூன்று முத்திரைகள், ஒன்றையொன்று வணங்கியபடி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மினேகோ வீட்டில் நால்வரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து எழுதினோம். தனித்தனியாக உட்கார அங்கே வேறு வழியில்லை. பிறகு மினேகோ தொகாஷியைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தாள். இந்த முறையும் நாலு காரணம். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்வரை சிரித்தோம். அப்படியே உறையில் போட்டு அனுப்பிவிட்டோம்.

செருப்பை அனுப்பவில்லை. அது மினேகோ வீட்டுக் கழிப்பறை வாசலில் கிடக்கிறது, விருந்தினர் உபயோகத்துக்கு. அடுத்த பிப்ரவரிக்கும் நான்தான் கான்ஜி. எங்கே தங்கலாம் என்று இன்னும் யாரையும் கேட்கவில்லை. மூன்றாவது மெத்தை ஒன்று வாங்கியிருப்பதாக மினேகோ நேற்று செய்தி அனுப்பினாள்.